காற்றைக் கழித்து

உடுமலைக்குத் தெற்கே கல்லூரி மைதானம்.
ஆடிக் காற்று
பந்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கிறது.
வேலிக்கு அப்பால் காற்றாலைகள்
யார் ஜெயிக்கிறார்கள் என்ற கவலை இல்லாமல் சுற்றுகின்றன.
என் மடியில் ஒரு படிவம்,
அதன் கடைசிக் கட்டத்தில் இரண்டே சொல்:
எடுக்கலாம். வேண்டாம்.

பையன் பெயர் விஷ்வந்த். செட்டர்.
மூன்றாமாண்டு வணிகவியல், இடது முட்டியில் பட்டை.
கைதட்டல் எல்லாம் அடிக்கிறவனுக்குப் போகும்.
எவன் அடிப்பது என்று
முக்கால் நொடியில் முடிவெடுப்பவன் இவன்.

கணக்கு என்னிடம் இருக்கிறது:
நூறு பந்து தூக்கினால் ஐம்பத்திரண்டு புள்ளி.
ஆனால் எதிரணி
நேற்றிரவு பேருந்தில் நின்றுகொண்டே வந்தது.
இந்தப் பக்கத்து நெட்டையன் ஆறடி ஐந்தங்குலம்,
தேங்காயைத் தூக்கிப் போட்டாலும்
அடித்துப் புள்ளியாக்குவான்.
இதில் விஷ்வந்த் எவ்வளவு?
காயாத கொப்பரையை நிறுக்கிற மாதிரி,
முள் ஏதோ ஒரு எண்ணில் நிற்கிறது,
அதில் தண்ணீர் எத்தனை, பருப்பு எத்தனை.

"எடுத்துக்குங்க மேடம், பையன் தங்கமுங்க"
என்கிறார் கோச் நல்லசிவம்.
போன வருஷமும் ஒரு தங்கம் காட்டினார்.
அது இப்போது பல்லடத்தில்
கோழித்தீவனக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறது.
நல்ல சம்பளம் என்று கேள்வி.

நானும் யோக்கியம் இல்லை.
அந்தியூர் ஹரிகேசவனை எடுக்கச் சொன்னேன்,
அப்படியொரு விரல்கள்.
சென்னை ஹாலில் மூன்று பந்து தப்பியதும்
அவன் கண் பெஞ்சைத் தேடியது.
இரண்டு சீசன் அந்தப் பெஞ்சு அவனைக் கைவிடவில்லை.
பவானி அஸ்லத்தை வேண்டாம் என்றேன்.
காரணம்: "குள்ளம்."
போன மார்ச்சில் கோப்பையோடு எடுத்த போட்டோவில்
முன்வரிசையில் நிற்கிறான்,
குள்ளம் என்பதால்.

இன்னொரு சிக்கல்.
ஒவ்வொரு பந்தையும் இவன்
ஒரு சாண் மேற்கே தள்ளித்தான் போடுகிறான்.
மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்கிறது,
கொண்டுபோய் அடிப்பவன் கையில் வைக்கிறது.
மூன்று வருஷம் பேசிப் பேசிப் படிந்த பேரம்.
ஹாலுக்குள் காற்று ஏது?
அங்கே இந்தச் சாண் வெறும் பிழை.
இல்லை, காற்றைப் படித்தவன்
ஆளையும் படித்துவிடுவானா?

இரண்டு செட்டாக ஒரு கெட்ட பந்துக்குக் காத்திருக்கிறேன்.
லிபரோ எல்லாவற்றையும் எடுத்து
இவன் நெற்றிக்கு மேலே ஏந்திக் கொடுக்கிறான்.
மூன்றாவது செட்டில் லிபரோவுக்குக் கணுக்கால் பிசகியது.
எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்.
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

அப்புறம் வந்தது, ஸ்டோர் ரூம் பக்கம் பிய்த்துக்கொண்டு.
ஓடினான். வலைக்கு முதுகு.
திரும்பாமலே தலைக்குப் பின்னால் தூக்கினான்,
நெட்டையனுக்கு அல்ல,
இதுவரை பந்தே தொடாத நடுக்காரனுக்கு.
அவன் எதிர்பார்க்கவில்லை.
பந்து அவன் தோளில் பட்டு விழுந்தது.
கோச் தலையில் அடித்துக்கொண்டார்.
கணக்கில் ஏறியது: பிழை, ஒன்று.
நான் வலைக்கு அந்தப் பக்கம் பார்த்தேன்.
மூன்று பேரும் நெட்டையனுக்கு முன்னால்
கை தூக்கி நின்றார்கள்.
நடுவில் ஒரு லாரி போகிற இடம்.

விஷ்வந்த் நடுக்காரனிடம் போய் என்னவோ சொன்னான்.
காற்று அதை என் பக்கம் கொண்டுவரவில்லை.
நடுக்காரன் சிரித்தான்.

அடுத்ததும் கெட்ட பந்து.
மறுபடி அவனுக்கே தூக்கினான்.

பந்து மேலே இருக்கும்போதே பேனாவைத் திறந்தேன்.
அது எங்கே விழுந்தது என்று பார்க்கவில்லை.
படபடக்கிற தாளை முழங்கையால் அழுத்திக்கொண்டு
ஒரு சொல்லை அடித்தேன்,
கீழே குறிப்பு எழுதினேன்:
முதல் மாதம் ஒரு சாண் தள்ளிப் போடுவான்.
பொறுத்துக்கொள்ளவும்.

ஹரிகேசவன் படிவத்திலும்
இதே பேனாதான்.